வயற்காவல் நாய்க்குட்டிக்கு உணவும் அளவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் கமக்காரருட் பலர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கிராமங்களில் வாழ்பவர்கள். விதைப்பு முதல் அறுவடை வரை வாடியிலே தங்கிக் காவல் புரிவது அவர்களது நெடுநாள் வழக்கம். காட்டுப்பன்றி இருளில் வரம்பேறி வரும்போது அதனை முதலில் அறிந்து குரல் கொடுப்பது நாயே. மேட்டுநிலத்தில் மிளகாய், கத்தரி, வெண்டி, பூசணி பயிரிடுவோர்க்கும் அதுவே துணை.

ஆயினும், காளைக்கும் எருமைக்கும் தீனி பார்த்து இடும் கமக்காரர், நாய்க்குட்டிக்கு மட்டும் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் வைத்துவிடுகின்றனர். குட்டியின் வயிறு நிறைகிறது. எலும்பும் தசையும் வளர்வதில்லை. ஐப்பசியில் ஆசையோடு கொண்டுவந்த குட்டி, மாசி அறுவடையின்போது கால் வளைந்து, முதுகு மெலிந்து நிற்பதைக் காண்கிறோம். இத்தீங்கு பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது. அதற்கு வேண்டிய பொருள்கள் வாவியிலும் வீட்டிலும் தோட்டத்திலும் உள்ளன.

குட்டியின் தேவை யாது?

வளரும் குட்டிக்கு, அதன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும், வளர்ந்த நாய்க்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு உணவுச் சத்து வேண்டும். ஆனால் அதன் இரைப்பை சிறியது. ஆகவே நல்ல உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். குட்டி வளர்ப்பின் முதல் விதி இதுவே.

இரண்டாவது, எலும்புக்கு வேண்டிய கல்சியம். சோற்றிலும் முள் நீக்கிய மீனிலும் எலும்பில்லா இறைச்சியிலும் கல்சியம் மிகக் குறைவு. உணவிற் கிடையாதபோது, இரத்தத்துக்கு வேண்டிய கல்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து, கால் வளைந்து, சிறு துள்ளலிலும் முறியக்கூடும். இறைச்சியை மட்டும் தாராளமாகக் கொடுத்து வளர்த்த குட்டிக்கும் இதே கேடு வரும்.

மூன்றாவது, விற்றமின் டீ. மனிதர் வெயிலிலிருந்து அதனைப் பெறுவது போல நாய் போதிய அளவு பெற இயலாது. மீனும் முட்டையின் மஞ்சட் கருவுமே அதற்கு வழி. வெயிலில் ஓடித் திரியும் குட்டிக்கு வேறொன்றும் வேண்டாம் எனக் கருதுவது தவறு.

எவ்வுணவு ஏற்றது?

நொய்யரிசிச் சோறு, சிறுமீன், முட்டை, சிறிது அவித்த பூசணி அல்லது கீரை ஆகியவை போதுமானவை. நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களைக் குடல் நீக்கி, உப்பும் தூளும் இடாது, முள் விரலிடை நசுங்கும்வரை அவித்து, நன்றாக மசித்துச் சோற்றுடன் பிசைதல் வேண்டும். மெல்லிய முள்ளோடு கல்சியமும் குட்டிக்குச் சேரும். நெத்தலி, சூடை போன்ற மீன்களைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. அவற்றிலுள்ள ஒரு பொருள் தயமின் என்னும் விற்றமினை அழித்துவிடும். நன்கு சமைத்தால் அப்பொருள் கெட்டுவிடும்.

திலாப்பியா போன்ற பெரிய மீனாயின் முள்ளை முற்றாக நீக்குக. அப்போது கல்சியத்துக்கு முட்டைக்கோதைக் கழுவி, அவித்து, உலர்த்தி, மாவாக இடித்துச் சேர்க்கலாம். 2 கிலோகிராம் குட்டிக்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டியும், 5 முதல் 8 கிலோகிராம் குட்டிக்கு ஒரு தேக்கரண்டியும் போதும். முள்ளுடன் மசித்த சிறுமீன் கொடுக்கும் நாளில் இம்மா வேண்டியதில்லை. மிகுந்த கல்சியமும் தீங்கு செய்யும். பேருருவாக வளரும் பிறநாட்டு இனக் குட்டிகளுக்கு அத்தீங்கு மிக அதிகம்.

கருவாடு கொடுப்பதாயின், நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, அவித்த நீரையும் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். பசுப்பால் தாய்நாயின் பாலுக்கு ஈடாகாது. நாய்ப்பாலிலுள்ள புரதம் பசுப்பாலில் உள்ளதைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டது. பால் மறந்த குட்டிக்குப் பாலை மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் உண்டாகும். எருமைத் தயிர் ஒரு மேசைக்கரண்டி அளவு கொடுத்தால் குற்றமில்லை.

எவ்வளவு? எத்தனை முறை?

குட்டியை எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரித்தலாகாது. பெரும்போக விதைப்புக் காலமாகிய ஐப்பசியில் இரண்டு மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்ததாகக் கொள்வோம். ஊர்நாயின் சாதாரண வளர்ச்சிக்கு ஏற்ற நாளளவு பின்வருமாறு:

ஐப்பசி (2 மாதம், உடல் நிறை சுமார் 2 கிலோகிராம்): சோறு 120 கிராம், மீன் 100 கிராம், முட்டை 1. நான்கு வேளையாகப் பகிர்ந்து கொடுக்க.

மார்கழி (4 மாதம், சுமார் 5 கிலோகிராம்): சோறு 230 கிராம், மீன் 180 கிராம், முட்டை 1, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி. மூன்று வேளை.

மாசி (6 மாதம், சுமார் 8 கிலோகிராம்): சோறு 280 கிராம், மீன் 220 கிராம், முட்டை 1, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டு வேளை.

முட்டை கிடையாத நாளில் மேலும் 50 கிராம் மீன் சேர்க்க. சோறும் மீனும் சமைத்த பின் உள்ள நிறையே இங்குக் கூறப்பட்டது. வாடியில் தராசு இராது. ஆகவே ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து, ஒரு சிரட்டையின் உட்புறத்தில் அளவுக்கோடு கீறி வைத்துக்கொள்க. பின்னர் யார் உணவு வைத்தாலும் அளவு பிழையாது.

வைத்த உணவை இருபது நிமிடத்தில் உண்ணாவிடின் எடுத்துவிடுக. நம் நாட்டு வெப்பத்தில் மீன் கலந்த சோறு விரைவிற் பழுதாகும். உணவை மாற்றுவதாயின் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுக. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

அளவு சரியா என அறிதல்

மேற்கூறிய அளவுகள் தொடக்கத்திற்கு வழிகாட்டிகளே. இறுதித் தீர்ப்பைக் கூறுவது குட்டியின் உடல். வாரத்திற்கு ஒருமுறை அதன் விலாவின்மேல் விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். விலா எலும்புகள் கைக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தோன்றலாகாது. மேலிருந்து நோக்கின் இடை சற்று ஒடுங்கியிருத்தல் வேண்டும். எலும்பு கைக்கு அகப்படாவிடின் உணவைப் பத்திலொரு பங்கு குறைக்க. துருத்தித் தோன்றின் அவ்வளவு கூட்டுக. கொழுத்த குட்டியே நல்ல குட்டி என எண்ணற்க. மிகு நிறை இளமூட்டுகளைக் கெடுக்கும்.

வயிறு மட்டும் பருத்து, முதுகும் தொடையும் மெலிந்திருப்பின் அது உணவுக் குறைவன்று. பெரும்பாலும் புழுவே காரணம். வட்டப்புழு, குட்டி பிறக்குமுன்னரே தாயிடமிருந்து அதனைச் சேர்ந்துவிடும். இரண்டு வார வயது முதல் மூன்று மாதம் வரை இரண்டு வாரத்திற்கொருமுறை மிருக வைத்தியர் கூறும் அளவில் புழுமருந்து கொடுத்தல் நன்று. நாயின் புழுக்கள் சிறுவரையும் வெறுங்காலுடன் நடப்போரையும் பற்றும் என்பதை மறத்தலாகாது.

கொடுக்கத் தகாதவை

வெங்காயமும் வெள்ளைப்பூடும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆதலின் நமது கறிக் குழம்பைச் சோற்றில் ஊற்றற்க. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானும் சோளமும் ஈரலை அழிக்கும் நஞ்சுடையன; விற்க உதவாத அவற்றை நாய்க்கு இடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். வலையில் அகப்பட்டுக் கரையில் எறியப்படும் பேத்தை மீன் கொடிய நஞ்சு. சமைத்தாலும் அந்நஞ்சு போகாது.

வயலில் எலிக்கு வைத்த நஞ்சையோ, அதனால் இறந்த எலியையோ பசித்த குட்டி தேடித் தின்னும். நஞ்சு வைப்பதாயின் குட்டியைக் கட்டி வையுங்கள். இறந்த எலிகளைப் புதையுங்கள். நேரத்திற்கு உணவு பெறும் குட்டி வரம்பு வரம்பாக அலைவது குறைவு. நல்ல உணவு இவ்வகையிலும் ஒரு காவலாகும்.

இறுதியாக

மாசியில் உங்கள் குட்டிக்கு வயது ஆறு மாதமே. அதன் குரல் வளர்ந்திருக்கும். உடல் முற்ற வளர்ந்திராது. பன்றியை எதிர்க்க அதனைத் தனியே ஏவற்க. குரல் கொடுப்பதே அதன் முதற் போகத்து வேலை. அடுத்த பெரும்போகத்தில் அது முழு நாயாக உங்களுக்கு முன் நடக்கும்.

எவ்வளவு நன்றாக உணவூட்டினும், விசர்நாய் நோய்த் தடுப்பூசி இடாத நாய் வீட்டிற்கும் அயலுக்கும் ஆபத்தாகும். விசர்நாய் நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; ஆயினும் நோய் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. தடுப்பூசி இட வேண்டிய காலத்தை அண்மையிலுள்ள மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிந்து தவறாது இடுவிக்க.

சிறிது சிறிதாக, பலமுறை, மீனும் முள்ளும் சேர்த்து, அளந்து கொடுங்கள். நாற்றுப் பருவத்தில் பசளை பெறாத பயிர் கதிர்ப் பருவத்தில் ஈடுசெய்வதில்லை. குட்டியும் அத்தகையதே.