முள் நகர்ந்தது, நாழிகை நகரவில்லை

1996ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. மின்சாரத் தட்டுப்பாடு காரணம். தாது வருடப் பஞ்சாங்கமோ சித்திரையிலேயே வீடுகளுக்கு வந்துவிட்டது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வைகாசிக் கடைசியில் தாலிகட்ட நாள் குறித்தவர் எந்த நேரத்தை நம்புவது?

விடை பஞ்சாங்கத்துக்குள்ளேயே இருந்தது. நமது நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை; சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயம்வரை 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். உதயாதி 5 நாழிகை என்றால் உதயத்தின் பின் 2 மணித்தியாலம். அரசாங்கம் முள்ளை எங்கே திருப்பினாலும் அது அசையாது. திதியும் நட்சத்திரமும் முடிகிற மணிகளுக்குத்தான் ஒன்றைக் கூட்டவேண்டியிருந்தது.

இராகு காலமும் அப்படியே. பகற்பொழுதை எட்டாக்கினால் திங்களன்று இரண்டாம் பங்கு. ஆறு மணிக்கு உதயமென்று கொண்டதால் ஏழரை முதல் ஒன்பது என மனனஞ்செய்தோம். அந்த மே மாதத்தில் அது ஏறத்தாழ எட்டரை முதல் பத்து. பழைய கணக்கை நம்பி ஒன்பதுக்குப் புறப்பட்டவர் இராகு காலத்துக்குள்ளேயே காலடி வைத்திருப்பார்!

நமுனுகுல மலைச்சாரலில் இன்னொரு மயக்கமும் உண்டு. பனிமூட்டம் விலகி, மேட்டைத் தாண்டி வெயில் லயத்து வாசலுக்கு வருவதல்ல உதயம். அடிவானத்தில் சூரியன் எழுவதாகக் கணித்த கணமே உதயம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. மற்ற அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பியது. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள்.