தாழ்த்தப்பட்ட மகிழுந்துக்கான தரை ஜாக்கி

தரை ஜாக்கி என்பது சிற்றுருளைகளின் மேல் நகர்ந்து, எண்ணெய் அழுத்தத்தால் வாகனத்தைத் தூக்கும் கருவி ஆகும். இது பாசுக்கலின் விதிப்படி இயங்குகின்றது. 1 செ.மீ விட்டமுள்ள உந்துதண்டில் தரப்படும் விசை, 4 செ.மீ விட்டமுள்ள உந்துதண்டில் 16 மடங்காகும்.

சுருள்வில்லை மாற்றித் தாழ்த்திய மகிழுந்தின் அடியில் சாதாரண ஜாக்கி எளிதில் நுழையாது. எனவே எத்தனை டன் தூக்கும் என்பதோடு, முழுதும் இறக்கிய நிலையில் அதன் உயரத்தையும் பார்த்தல் வேண்டும். (இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இன் கட்டுப்பாடுகள் உண்டு.)

சாய்தளத்தில் ஏறும்போது சக்கரத்துக்கு முன் பம்பர் இடிக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் 80 செ.மீ முன்னே, 10 செ.மீ உயரத்தில் இருப்பின், சரிவு 8க்கு 1 என்பதைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். அதாவது 15 செ.மீ உயர்த்த 120 செ.மீக்கு மேல் நீளம் தேவை. குட்டையான சாய்தளத்தின் முன் பலகை இட்டும் சமாளிக்கலாம்.

ஜாக்கியின் கை வட்டவில்லாக மேலெழுவதால், தூக்கும்போது கருவியும் சற்று உருண்டாக வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் மண்ணில் உருளை புதைந்துவிட்டால் தாங்குதட்டு நழுவக்கூடும். சிமெண்ட் தரையே ஏற்றது. எண்ணெய் கசிந்தால் வண்டி இறங்கிவிடும் என்பதால், இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுக்காமல் அடியில் படுத்தல் கூடாது.