உறைபனிக் காலமும் மாடியிலிருக்கும் சோலார் ஹீட்டரும்

மார்கழி, தை என்றால் சமவெளி வணிக அன்பர்களுக்குப் பொங்கல் வியாபாரம்தான் நினைவுக்கு வரும். ஊட்டியில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு அதோடு உறைபனியும் சேர்ந்து வருகிறது. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, பிப்ரவரி வரை பல நாட்கள் புல்தரை உப்புக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். தேயிலை கருகுவதையும் மலைக் காய்கறி வரத்துக் குறைவதையும் எல்லோரும் பேசுகிறார்கள். மாடியிலிருக்கும் வெந்நீர்க் கருவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்களும் பேசாமல்தான் இருந்தோம், 2019 ஜனவரி வரை.

எங்கள் கிடங்கின் மொட்டை மாடியில்தான் வீட்டுக்கான 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருந்தது. அன்று விடியற்காலை லோடு இறக்கிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரை மணிக்குக் கிடங்குக்குப் போன பையன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். தளத்து விரிசல் வழியாகத் தண்ணீர், சர்க்கரை அட்டியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கென்று வாங்கி அடுக்கிய 50 கிலோ மூட்டைகளில் 14 நனைந்துவிட்டன. பக்கத்திலிருந்த மண்டை வெல்லம் பாகாக ஓடியது.

பேனலுக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் குழாய் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, குழாய் தாங்காது. பிளந்தது இரவில். ஆனால் அடைத்துக்கொண்டிருந்த பனிக்கட்டியே விடியும்வரை ஒழுகாமல் காத்தது. வெயில் ஏறி அது உருகிய பிறகுதான் தண்ணீர் கிளம்பியது. அந்த நேரத்தில் வணிகர் எவர் மாடியில் நிற்பார்? ஹீட்டரின் 200 லிட்டரோடு நிற்கவும் இல்லை. அதற்குத் தண்ணீர் தரும் 1,000 லிட்டர் மேல்தொட்டியும் சேர்ந்து காலியாயிற்று.

முந்தின இரவு வீட்டு வெப்பமானி 3 டிகிரிதான் காட்டியது. பூஜ்யத்துக்குப் போகாமல் எப்படி உறைந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மரத்தடியில் நிறுத்திய ஜீப்பின் கண்ணாடி தெளிவாக இருக்க, வெளியில் நிற்கும் ஜீப்பின் கண்ணாடி வெளுத்திருப்பது இதனால்தான். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளை மிலார் போட்டு மூடி வைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே தகடு வகைப் பேனல் உள்ளவர்கள், வானம் தெளிந்திருக்கும் நாட்களில் பொழுது சாயும்போதே அதை மூடிவிட வேண்டும். நம்மிடம் காலிச் சாக்குக்கா பஞ்சம்! உள்ளே சாக்கு, மேலே தார்ப்பாய். சாக்கை மட்டும் போட்டால் அது நனைந்து தானும் உறைந்துவிடும். அரிசிச் சாக்காக எடுங்கள். சர்க்கரைச் சாக்கு எறும்புகளைக் கூப்பிடும். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீர் கிடைக்காது.

ஊருக்குப் போவதானால் பேனலுக்குப் போகும் வால்வு, வரும் வால்வு இரண்டையும் மூடி, அடியிலுள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மூடிவிட்டு வடிக்காமல் போனால் உள்ளே சிக்கிய தண்ணீரே குழாயை உடைக்கும். திரும்பி வந்ததும், வெயிலில் சூடேறிய காலிப் பேனலில் குளிர்ந்த தண்ணீரை விடாதீர்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் வகை நல்லது. இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றில்லாததால் எங்கள் ஊர்க் குளிருக்கு அது எளிதில் உறையாது. நாங்களும் அதற்கே மாறினோம். ஆனால் போக வர உள்ள இரும்பு, பிளாஸ்டிக் குழாய்கள் உறையும். ரப்பர் நுரை உறை போட்டு, அதன் மேல் வெயில் தாக்காமல் நாடா சுற்ற வேண்டும். தொட்டியின் காற்றுக் குழாயையும் பாருங்கள். அது பனியில் அடைபட்டிருக்கும்போது வெந்நீரை இழுத்தால், தொட்டி உள்ளே ஒடுங்கிப்போகும். தகடு வகையிலேயே, தண்ணீருக்குப் பதில் கிளைகால் கலந்த உறையாத திரவம் ஓடும் மாடலும் உண்டு. அதில் ப்ரொப்பிலீன் கிளைகால்தான் இருக்க வேண்டும். எத்திலீன் கிளைகால் விஷம்.

குளியலறைக்குள் இருக்கும் மின்சார கீசர் ஊட்டிக் குளிரில் உறைவதில்லை. வெளிச்சுவரில் வரும் அதன் குழாய் உறையும். காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் கீசர் சுவிட்சைத் தொடவேண்டாம். சூட்டில் பெருகும் தண்ணீருக்குப் பின்வழி அடைபட்டிருக்கும். சேஃப்டி வால்வும் கெட்டிருந்தால் ஆபத்து. உறைந்த குழாயை வெதுவெதுப்பான துணி சுற்றி இளக்கலாம். பந்தம் கொளுத்திக் காட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது கூடாது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. சரக்குக்கு எடுக்கும் தீ விபத்து பாலிசியில், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்து ஏற்படும் சேதமும் பொதுவாக அடங்கும். பலருக்கு இது தெரியாது. எங்களுக்கும் பாலிசியைப் படித்துக் காட்டிய பிறகே தெரிந்தது. ஆனால் பிரீமியத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சரக்கின் மதிப்பில் பாதிக்குத்தான் பாலிசி எடுத்திருந்தோம். நஷ்டத்திலும் பாதிதான் கிடைத்தது. இப்போது பொங்கல் சரக்கு இறங்குவதற்கு முன்பே இருப்பைக் கணக்கெடுத்துத் தொகையை உயர்த்திவிடுகிறோம். சர்க்கரை அட்டியையும் அந்த விரிசலுக்கு நேர் கீழே போடுவதில்லை.