எதிர்த்துப் பேசுதல்



ஊர்த்தெருவில் இரண்டு பேர் வாய்க்கால் தண்ணீருக்காக மல்லுக்கு நின்றால் அதற்கு வாய்த்தகராறு என்று பெயர். அதே தண்ணீர் விஷயத்தில் சேரியிலிருந்து ஒருவர், "அப்படி இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் 'எதிர்த்துப் பேசுதல்'. முன்னதற்குச் சமாதானம் பேசுவார்கள், பின்னதற்குத் தண்டனை பேசுவார்கள். சொன்னது சரியா தவறா என்பது விசாரணைக்கே வராது. சொன்னவர் யார் என்பதோடு வழக்கு முடிந்துவிடும்.

அன்றாடப் பேச்சில் கருத்து வேறுபாட்டைக் கையாள்வது பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். ஆளுமை வளர்ச்சிப் புத்தகங்கள் இதை நற்பண்புப் பாடமாகச் சொல்லித் தருகின்றன. குரலை உயர்த்தாதே, புன்னகை செய், எதிரில் இருப்பவர் மனநிலையை யோசி என்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவரின் மனநிலையை மட்டுமே யோசித்துப் பிழைத்தவர்களுக்கு இந்தப் பாடம் ஒன்றும் புதிதில்லை. எந்தப் பேச்சில் வாதிடுவது, எதை வாதமாகவே ஏற்காமல் விடுவது, எங்கே வாயை மூடிக் கேட்பது என்ற தெளிவுதான் நமக்குத் தேவைப்படுகிறது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு நம்மில் பலருக்கும் பழக்கமானது. "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார், நம்மோடு சாம்பாரைப் பகிர்ந்துகொண்டே கேட்பார். இதற்குக் கீழ்வெண்மணியில் தொடங்கி வரலாறு முழுவதையும் கொட்டுவது நம் வழக்கம். ஐந்து நிமிடத்தில் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார், நாம் 'எதற்கெடுத்தாலும் சாதியை இழுப்பவர்' ஆகிவிடுவோம்.

அவர் சொன்னது ஒரு பொதுக்கூற்று. அதை விவரத்துக்கு இறக்க வேண்டும். "உங்க தெருவுல வாடகைக்கு வீடு காலியா இருக்கு. நான் வந்து கேட்டா குடுப்பாங்களா?" "உங்க வீட்டுல பொண்ணு பாத்தாங்களே, எந்தெந்த ஆளுங்ககிட்ட ஜாதகம் வாங்கினாங்க?" இப்படி இரண்டே கேள்விகள், குரலில் காரம் இல்லாமல். தன் தெருவைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும் தெரிந்தவர் அவர்தான். பதிலை அவரே சொல்லட்டும். சொல்லாமல் போனாலும் பரவாயில்லை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அன்றாட வாதங்களில் எதிராளி மனம் மாறுவது அபூர்வம். பக்கத்தில் பேசாமல் இருந்த நாலு பேருக்காகத்தான் பெரும்பாலும் பேசுகிறோம்.

"எந்த ஊரு? ஊருக்குள்ளயா, தள்ளியா?" என்ற விசாரிப்பு வேறு வகை. இதில் கருத்தே கிடையாது, சாதியைத் தோண்டுவது மட்டும்தான் இருக்கிறது. பதில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் நம் உரிமை. சாதிப்பெயரைச் சொல்லிப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதைக் கருத்து வேறுபாட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு செய்யப்படும் அவமதிப்பைக் குற்றம் என்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அது பிரிவு 3(1)(ஆர்). அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். தேதி, நேரம், அருகில் நின்றவர்கள், சொன்ன சொல் ஆகியவற்றை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். "சும்மா ஒரு அபிப்பிராயம்தானே சொன்னேன்" என்று பின்னால் சொல்வார்கள்.

வாதிடத் தகுந்த எதிராளியிடம் எப்படி வாதிடுவது என்பதற்கு 1936ஐப் போல நல்ல பாடம் வேறு இல்லை. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய உரையைப் பார்த்ததும், சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். மாநாடு நடக்கவில்லை. உரையைத் தன் செலவிலேயே அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. இந்த மறுப்பை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

அதன்பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே ஆண்டு ஜூலையில் காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் அந்நூலை விமர்சித்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அம்பேத்கர் காந்தியின் விமர்சனத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, அதை அடுத்துத் தன் பதிலை வைத்தார். எதிராளியின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லாமல், கேலிச்சித்திரமாக்காமல், அவர் சொற்களிலேயே வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னார். தன் வாதத்தின்மேல் நம்பிக்கை உள்ளவரால் மட்டுமே முடிகிற காரியம் இது. சாப்பாட்டு மேசையில் நாம் இதைச் சின்ன அளவில் செய்யலாம். "நீங்க சொல்றது இதுதானே?" என்று அவர் வாதத்தை அவர் தலையாட்டும்படி திருப்பிச் சொல்லிவிட்டு மறுக்கலாம்.

இதுவரை சொன்னது வெளியாரோடு நடக்கும் பேச்சு. அதில் நமக்கு ஓரளவு பயிற்சி உண்டு. நமக்குள் வரும் வேறுபாடுதான் கடினம்.

நம் முன்னோடிகள் நமக்குள் ஒத்துப்போகவே இல்லை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் மைத்துனர்கள். சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயரிட்டு இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சூடிக்கொள்வது அவர் வழி. அந்தப் பெயரே பகைவர்கள் சுமத்தியது, அதை ஏற்கக் கூடாது என்பது அயோத்திதாசர் வழி. 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். அதே சீனிவாசன் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். ஆனால் 1935இல் இயோலாவில் அம்பேத்கர் மதமாற்ற அறிவிப்பைச் செய்தபோது அவர் உடன்படவில்லை. நாம் இந்து மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேறுவதற்கு என்பது அவர் கேள்வி. இவர்களில் யாரையும் நாம் துரோகி என்று சொல்வதில்லை. மூன்று பேர் படத்தையும் ஒரே சுவரில் மாட்டுகிறோம். ஆனால் இன்றைக்கு விடுதியில் ஒரு தம்பி மாற்றிப் பேசினால், "நீ யாரு ஆளு?" என்று கேட்டுவிடுகிறோம்.

உள் ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், மாநிலங்கள் இப்படி உட்பிரிவு செய்யலாம் என்றது. நீதிமன்றத்தில் முடிந்தது நம் அறைகளில் முடியவில்லை. சுழற்சியில் முதல் இடம் அருந்ததியருக்குப் போவதால், பணியிடங்கள் குறைவாக உள்ள துறைகளில் 3 விழுக்காட்டுக்கு மேலேயே போய்விடுகிறது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. துப்புரவுப் பணியிலேயே தள்ளப்பட்டுக் கிடந்தவர்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்ததே இதனால்தான் என்கிறது மறுதரப்பு. இரண்டுமே எண்களை வைத்துப் பேச வேண்டிய வாதங்கள். பேசலாம், பேச வேண்டும்.

பேச்சு அப்படிப் போவதில்லை. "இப்ப எதுக்குப் பிரிவினை? ஒற்றுமை கெட்டுடும்" என்று ஒருவர் சொல்வார். "தகுதி இருந்தா வரட்டுமே" என்று இன்னொருவர். இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் எங்கே கேட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு இடஒதுக்கீடு கேட்டபோது சாதி இந்துக்கள் நம் முகத்துக்கு நேரே சொன்னவை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது சமூகவியல் பாடத்தேர்வுக்கு மட்டுமானதில்லை. கீழே ஒருவர் இருக்கும்வரை அவரவர் படியைக் காப்பாற்றத் தோன்றும் என்பது நம் அறைக்குள்ளும் செல்லும். பெண் தோழர்கள் மாற்றுக்கருத்து சொல்லும்போது "அதை அப்புறம் பேசிக்கலாம் தோழர்" என்று ஒத்திவைப்பதும் இதே வகைதான். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

உள் ஒதுக்கீட்டை விவாதிக்கும் வாசிப்பு வட்டமோ விடுதிக் கூட்டமோ நடந்தால், நாற்காலி போடும்போதே சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ளலாம். முதலில் பேசுபவர் அருந்ததிய மாணவராக, முடிந்தால் மாணவியாக இருக்கட்டும். மூத்த தோழர்கள் கடைசியில் பேசட்டும். அண்ணன் முதலில் பேசிவிட்டால் தம்பிகள் யாரும் மறுக்க மாட்டார்கள், அது மரியாதை என்று பழகிவிட்டோம். மறுப்பவர், முன்னவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகே மறுக்கட்டும். கூட்டத்துக்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, நம் மாவட்டத்தில் ஒரு துறையிலாவது 2009க்குப் பிறகு யார் யாருக்கு எத்தனை பணியிடம் கிடைத்தது என்ற பட்டியலை வாங்கி மேசைமேல் வையுங்கள். முடிவுக்கு வராமல் கூட்டம் கலைந்தால், இரண்டு தரப்பையும் அவரவர் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.