பாய்மரத்தில் ஒரு மாலை

மும்பை நகரில் சூரிய அஸ்தமனம் பார்க்க விரும்புகிறவர்கள் சௌபாத்திக்கும் ஜூஹுவுக்கும் போவதுதான் வழக்கம். மேற்கே அரபிக் கடல் விரிந்து கிடக்கிறது. சூரியன் அதில் இறங்குவதைக் காணக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, நகரின் கீழ்க்கரைத் துறைமுகத்தில் படகேறி அஸ்தமனம் பார்க்கப் போகிறோம் என்றதும் உள்ளூர் நண்பர்கள் நகைத்தார்கள். கிழக்கு நோக்கிய துறைமுகத்தில் உதயமல்லவா பார்க்க வேண்டும்! ஆனால் இந்தச் சவாரியின் விசேஷமே அதுதான். இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை. நகரத்துக்குப் பின்னால் மறைகிறது.

ஜனவரி மாதத்து மாலை ஐந்து மணிக்கு இந்தியா வாயிலின் படித்துறையில் கூடினோம். நாங்கள் நால்வர், படகோட்டிகள் இருவர். ஏறியதும் மிதவைச் சட்டை அணியச் சொன்னார்கள். எங்களில் ஒருவர் முகம் சுளித்தார். 2024-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி, எலிபெண்டா தீவுக்குப் போன பயணப் படகின் மீது கடற்படையின் விசைப்படகு மோதிப் பலர் மாண்டது இதே துறைமுகத்தில்தான் என்று நினைவூட்டியதும் மறு பேச்சின்றி மாட்டிக்கொண்டார்.

குளிர்காலத்து மாலையில் இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசுகிறது. ஆகவே வெளியே போவது சுலபம். காற்றே முதுகில் கை கொடுத்துத் தள்ளிவிடும். திரும்புவதில்தான் வித்தை இருக்கிறது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. வலப்புறம் சிறிது தூரம், இடப்புறம் சிறிது தூரம் என்று, மலைப் பாதையில் மாட்டுவண்டி வளைந்து வளைந்து ஏறுவது போல முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் தாவும். அதன் அடிக்கட்டை மண்டையைப் பதம் பார்க்காமலிருக்க, சுக்கான் பிடித்த பெரியவர் "ஜுகோ!" என்று குரல் கொடுப்பார், உடனே எல்லோரும் குனிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது தடவையிலேயே எங்களுக்கு ஹிந்தி நன்றாகப் புரிந்துவிட்டது!

கரையிலிருந்து சிறிது விலகியதும் திரும்பிப் பார்த்தோம். இந்தியா வாயிலைக் கடற்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. அதைக் கட்டியவர்கள் கடல் வழியாக வரும் எஜமானர்களுக்காகவே கட்டினார்கள். 1911-ம் வருஷம் டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கே வந்திறங்கியபோது இந்தக் கல் வளைவு கிடையாது. அஸ்திவாரக் கல்லே 1913-ல்தான் நாட்டப்பட்டது. கட்டி முடிந்து திறப்பு விழா நடந்தது 1924-ல். அதன் பிறகு கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1948-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, கடைசிப் பிரிட்டிஷ் படையினர் இதே வளைவுக்குள் நடந்து கப்பலேறிப் போனார்கள். வருவதற்கென்று கட்டிய வாயில் போவதற்கே அதிகம் பயன்பட்டது!

வளைவுக்கு வடக்கே கடற்படைத் தளம் நீண்டு கிடக்கிறது. சூரத்திலிருந்து 1736-ல் வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்னும் பார்ஸித் தச்சர் வேரூன்றிய இடம் இது. அவருடைய வம்சத்தார் தேக்கு மரத்தில் கட்டிய கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படையே விரும்பி வாங்கியது. 1817-ல் இங்கே நீரில் இறங்கிய ஒரு போர்க் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலி', அதாவது நம்முடைய திருகோணமலை! இத்தகைய வேலை நடந்த நாட்டைக் கப்பல் கட்டும் நாடு என்ற நிலையிலிருந்து, கப்பல் கூலி கொடுக்கும் நாடு என்ற நிலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரும்பும் நீராவியும் வந்தது ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் இந்தியக் கப்பல்கள் வரக்கூடாதென்று இங்கிலாந்தின் கப்பல் தச்சர்கள் போட்ட கூச்சலும் சாமானியமானதல்ல.

தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சொந்தக் கப்பல் தேடி வந்ததும் இந்த நகருக்குத்தான். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், செக்கிழுக்க வைத்தார்கள், கம்பெனியும் அழிந்தது. ஆயினும் 1919-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' என்னும் இந்தியக் கப்பல் இந்தத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பின்னர் 1946-ம் வருஷம் பிப்ரவரியில் இங்குள்ள மாலுமிகள் கெட்ட சாப்பாட்டையும் அவமதிப்பையும் பொறுக்க மாட்டாமல் கிளர்ந்தெழுந்து, போர்க் கப்பல்களின் கொடிமரங்களில் காங்கிரஸ் கொடியையும் லீக் கொடியையும் செங்கொடியையும் ஏற்றினார்கள். தலைவர்கள் சொற்படி அவர்கள் சரணடைந்தார்கள். ஆனால் தன் சிப்பாய்களை இனி நம்ப முடியாதென்ற பயம் சர்க்காரைவிட்டு நீங்கவேயில்லை.

நாங்கள் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் பெரியவர் மேற்கே கை காட்டினார். 1903-ல் திறந்த தாஜ் மஹால் ஹோட்டலின் பெரிய கும்மட்டம் கருநிழலாகி விட்டது. அதற்குத் தெற்கே, கொலாபாவின் மாடிக் கட்டிடங்களுக்கிடையில், சூரியன் செம்புத் தாம்பாளம் போல ஒரு கணம் தோன்றுவதும் மறுகணம் ஒளிவதுமாக இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிடங்களின் நிழல் நீர்மேல் நீண்டு எங்கள் படகைத் தொட்டது. எங்களுக்குப் பின்னால் கிழக்கே எலிபெண்டா தீவின் குன்று மட்டும் இன்னும் சிவந்திருந்தது.

அஸ்தமித்ததும் காற்றுத் தளர்ந்தது. பாய் துவண்டு தொங்கியது. கால் நாழிகை நேரம் படகு கடல் வற்றத்தோடு தெற்கே இழுபட, இளைய படகோட்டி துடுப்பை எடுத்தார். பெரியவர் அவசரப்படவில்லை, நீரின் மேல் சிலிர்ப்பு ஓடும் இடத்தைக் கண்டு படகை அங்கே திருப்பினார். பாய் மெல்லப் புடைத்தது.

படித்துறையை அடைந்தபோது நீர் வற்றிப் பாசி படிந்த கீழ்ப்படிகள் தெரிந்தன. எங்களில் ஒருவர், தூத்துக்குடிக்காரர், "இந்தப் பாய் பிடிக்கும் வித்தையை எங்களுக்கும் கற்றுக் கொடுப்பீர்களா?" என்று பெரியவரைக் கேட்டார். "காலையில் கரைக்காற்று மெதுவாக வீசும், கற்றுக்கொள்ள அதுவே நல்லது. ஆறு மணிக்கு வாருங்கள்" என்றார் அவர். மறுநாள் பகலில் எங்களுக்கு ரயில். ஆனாலும் நால்வரில் இருவர் ஐந்தரைக்கே போய்ப் படித்துறையில் நின்றார்கள்.