பழைய கொம்பிரசருக்குப் பாகம் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இலங்கையின் வன்னிக்குள் உதிரிப்பாகம் வருவது குதிரைக்கொம்பாக இருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள். கிடைத்ததை வைத்து ஓடவைக்கிற அந்தக் கைப்பழக்கம் அங்குள்ள நெடுங்கேணிப் பக்கத்து ஒட்டுக்கடைகளிலும் கராஜ்களிலும் இன்றும் இருக்கிறது. அதனால்தான் எத்தனையோ கை மாறி வந்த கொம்பிரசர்கள் இன்னும் உழவு இயந்திர ரயருக்குக் காற்றடிக்கின்றன. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் கொம்பிரசரின் எல்லாப் பாகங்களிலும் அதைக் காட்ட முடியாது.

பழைய இயந்திரத்துக்குப் பாகம் கிடையாது என்று பலர் கைவிடுவது, அது என்ன இயந்திரம் என்றே தெரியாததால்தான். பெயர்த்தகடு மூன்று நான்கு தரம் பூசிய பெயின்ருக்குள் மறைந்துபோயிருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தின்னர் நனைத்த துணியை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு மெதுவாகத் துடையுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் சோக்குத் தூளைத் தேய்க்கக் குழிந்த எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். மொடல் இலக்கம், தொடர் இலக்கம், சுற்று வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். சிலிண்டர் வார்ப்பில் புடைத்து நிற்கும் இலக்கம் பெரும்பாலும் வார்ப்பு இலக்கம். அதைச் சொல்லிப் பாகம் கேட்டால் பிழையான பாகம்தான் வரும்.

பெயர் தெரிந்தால் வழி பிறக்கும். இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் 1898இல் தொடங்கிய கொம்பிரசர் நிறுவனமான புரூம் அன்ட் வேட் (புரூம்வேட்) 1968இல் ஹோல்மன் நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் அது கொம்ப்எயார் என்று பெயர் பெற்றது. கொம்ப்எயாரை 2008இல் கார்ட்னர் டென்வர் வாங்கியது. கார்ட்னர் டென்வர் 2020இல் இங்கர்சோல் ரான்டின் தொழிற்துறைப் பிரிவோடு சேர்ந்தது. ஆக, பழைய புரூம்வேட் கைநூலைக் கேட்கவேண்டிய வாசல் இன்று இங்கர்சோல் ரான்ட். இந்திய இயந்திரம் என்றால் கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கிய எல்ஜியும், புனேயில் 1958இல் தொடங்கிய கிர்லோஸ்கர் நியூமாட்டிக்கும் இன்றும் இயங்குகின்றன. முகவருக்குத் தொடர் இலக்கத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்காமல், முகம் தெரியாத ஒருவருக்குக் கைநூலுக்கென்று முற்பணம் கட்டாதீர்கள்.

கைநூல் கிடைக்காவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. பெயரிங் இலக்கம் உலகம் முழுதும் ஒன்றுதான். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மில்லிமீற்றர். பி 62 என்று பெல்ட்டில் இருந்தால் அது பி வகை, உள்நீளம் 62 அங்குலம். பிஸ்டன் ரிங்கை வேர்னியரால் அளந்து கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். புஷ், பின் போன்றவற்றைக் கடைசல் பட்டறையில் செய்விக்கலாம். பெல்ட் ஓடும் கப்பியைச் சின்னதாகவோ பெரிதாகவோ மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். தகட்டில் எழுதிய சுற்று வேகத்தைத் தாண்டினால் தலை சூடேறும். பழைய எஞ்சின் ஒயிலும் ஊற்றியிருந்தால் வெளியேறும் குழாயில் கரி படியும். அந்தக் கரி தீப்பற்றிய சம்பவங்கள் தொழில் உலகம் நன்கறிந்தவை. பழைய கஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். உலர்ந்தபடி சுரண்டாமல் தண்ணீர் நனைத்து எடுங்கள்.

இனிக் காற்றுத் தாங்கிக்கு வருவோம். “தாங்கி நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்துவான்?” என்பார்கள். வெளிப்பக்கம் நல்லாத்தான் இருக்கும். காற்றோடு வருகிற ஈரம் அடியில் தேங்கி உள்ளிருந்தே இரும்பைத் தின்னுகிறது. ஓர் அடி விட்டமுள்ள தாங்கியின் ஒரு முனைத் தகட்டை 120 பிஎஸ்ஐ அழுத்தம் தள்ளுகிற விசை ஏறத்தாழ 6 தொன். அரித்துப்போன தகட்டில் ஓட்டை விழுந்ததும் வெல்டிங் வைத்து அடைத்தால், ஒட்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய இரும்பு இன்னும் பலவீனமாகிறது. அது ஒருநாள் கசிந்து எச்சரிக்கும் என்று நம்பக்கூடாது, வெடித்தே பிளக்கலாம். பழைய காஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டித் தாங்கியாக்குவதும் இதே ஆபத்துத்தான். பழைய இரும்புக் குவியலில் வந்த, என்னவென்று தெரியாத உருளையைத் தொடவே வேண்டாம். போர் நடந்த மண்ணில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு வால்வைப் பட்டறையில் செய்யாதீர்கள், அடைக்காதீர்கள், அதன் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள். புதிதாகவே வாங்குங்கள், அதில் பொறித்த அழுத்தம் தாங்கிக்கு அனுமதித்த அழுத்தத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நாள் முடிவில் காற்றை இறக்கி, அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தாங்கியைச் சோதிப்பதென்றால் தண்ணீர் நிரப்பித் தகுதியுள்ளவர் சோதிக்கவேண்டும். காற்றை ஏற்றிப் பார்ப்பது சோதனை அல்ல.

இதற்குச் சட்டமும் உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளையும் கவனிக்கிறது. தாங்கக்கூடிய அழுத்தம் தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும். பாதுகாப்பு வால்வு, சரியான அழுத்தமானி, நீர் வடிக்க வழி ஆகியவை இருக்கவேண்டும். கூலிக்கு ஆள் வைத்துப் பழுதுபார்க்கும் இடம், “இது சின்னக் கடைதானே” என்று விலகிக்கொள்ள முடியாது. சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவைக் கேட்கலாம். வேலை செய்கிற பெடியனும் முறையிடலாம்.

பாகம் வாங்கும்போது பற்றுச்சீட்டு கேளுங்கள். “வால்வு” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கொம்பிரசர், என்ன மொடல், புதியதா பாவித்ததா, அசலா நகலா என்று எழுதுவியுங்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்தவேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தருகிற உரிமை. அந்த விவரம் எழுத்தில் இல்லாவிட்டால் உரிமை இருந்தும் நிரூபிக்க வழியில்லை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணை வேண்டுமென்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். “அடுத்த கிழமை மாத்தித் தாறன்” என்று கடைக்காரர் இழுத்தடிக்கிற காலமும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் அடங்கும். சிறிய தொகைப் பிணக்கென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

வேலைநேரத்தில் தாங்கி வெடித்தோ பெல்ட்டில் கை சிக்கியோ காயப்பட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வேலையின்போது, வேலையால் வந்த காயம் என்பதைக் காட்டவேண்டும். ஆகவே வைத்தியசாலையில் காயம் எப்படி வந்தது என்று கேட்கும்போது, கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்று “சைக்கிளால விழுந்திட்டன்” எனச் சொல்லிவிடாதீர்கள். அங்கே பதிவாகிற அந்த ஒரு வரி பிறகு உங்கள் கோரிக்கைக்கு எதிராகவே நிற்கும்.