தில்லிக் குளிரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியும்

தமிழ்நாட்டிலிருந்து தலைநகருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்திற்குத் தில்லிக் குளிர் தன் முதற்பாடத்தைச் சமையலறையிலேதான் கற்பிக்கிறது. தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழுவதில்லை. உள்ளே வெண்மெழுகாக உறைந்து கிடக்கிறது. இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருக்கிறது. இட்லி மாவோ, வைத்த இடத்தில் வைத்தபடியே, பொங்குவது தன் தொழிலன்று என்பதுபோல் வீற்றிருக்கிறது. நம் ஊரில் மார்கழி விடியலுக்கு ஒரு சால்வை போதும். இங்கோ 2021 ஜனவரி முதல் தேதியன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பம் 1.1 டிகிரி. 2019 டிசம்பர் 30ஆம் நாள் பகல் முழுவதிலும் வெப்பம் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவேயில்லை. 1901க்குப் பிறகு டிசம்பரில் அத்துணைக் குளிர்ந்த பகலைத் தில்லி கண்டதில்லை என்று வானிலைத் துறையினர் அறிவித்தனர்.

இவ்வூர் வீடுகள் கோடையை மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. மொசைக் தரையும் கான்கிரீட் கூரையும் வெயில் புகாத அறைகளும் மே மாதத்தில் வரப்பிரசாதம். ஜனவரியிலோ அவையே தண்டனை. ஆகவேதான் வெயில் முகங்காட்டும் நண்பகலில் தில்லிவாசிகள் மொட்டைமாடியிலும் பூங்காவிலும் கட்டிலைப் போட்டுக்கொண்டு அமர்கிறார்கள். மூடுபனி விலகாத நாட்களில் அந்த வழியும் இல்லை. போதாக்குறைக்குக் காற்றும் கெட்டுவிட்டது. 2016 நவம்பரில் காற்றின் நச்சுத் தன்மைக்கு அஞ்சிப் பள்ளிகளை மூடினார்கள். அதன்பின் வந்த குளிர்காலங்கள் பலவற்றிலும் அந்நிலை திரும்பியிருக்கிறது. வெளியே போகாதீர்கள் என்று மருத்துவர்களே சொல்லும்போது வீட்டுக்குள் இருப்பதைத் தவிர வேறு வழி யாது?

வீட்டுக்குள் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் அவரவர் அவரவர் வீட்டுக்குள் இருந்துவிடுவதில்தான் கேடு தொடங்குகிறது. அக்டோபர் வரையில் மாலைதோறும் வாசலில் நின்று பேசியவர்கள், டிசம்பர் பிறந்ததும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதில்லை. வாரம் ஐந்து நாட்கள் அலுவலகம். சனி, ஞாயிறு இரண்டும் ரஜாய்க்குள் கழிகின்றன. இதனால் மிகுதியும் வாடுகிறவர்கள் ஊரிலிருந்து பிள்ளைகளோடு தங்க வந்த முதியவர்கள். அவர்களுக்கு இந்தி தெரியாது. திண்ணையும் கோயில் குளமும் பழகிய கால்களுக்கு மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஒரு மலை. நான் அறிந்த மூதாட்டி ஒருவர், "இங்கே சோறு இருக்கிறது, கம்பளி இருக்கிறது, ஒரு வார்த்தை பேசத்தான் ஆள் இல்லை" என்றார். குழந்தைகளின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழ் கேட்டால் புரிகிறது, பேச நா எழுவதில்லை. பேசினாலும் படிக்க வருவதில்லை. ஓய்வுநாளில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளோடும் கூடாவிட்டால் அந்தப் பேச்சும் எத்தனை காலம் நிற்கும்?

எங்கள் குடியிருப்பில் ஆறு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மூன்று குளிர்காலங்களாக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றன. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரையில் ஞாயிறுதோறும் நண்பகல் உணவு ஒரு வீட்டில். வாரம் ஒரு வீடாக முறை மாறும். முறைவீட்டார் சோறும் ரசமும் மட்டும் வைப்பார்கள். மற்ற ஐந்து வீட்டாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும், இரண்டு கொண்டுவரலாகாது. இந்த விதி கஞ்சத்தனத்தால் எழுந்ததன்று. முதலாண்டு மூன்றாம் வாரத்திற்குள்ளாகவே விருந்து போட்டியாக மாறி, ஒரு வீட்டில் பதினொரு வகை பரிமாறப்பட்டது. அடுத்த முறைக்குரியவர்கள் அஞ்சி நடுங்கினார்கள். அதன் பிறகு இயற்றிய சட்டம் இது.

எத்தகைய உணவு கூட்டுப் பந்திக்கு ஏற்றது என்பதிலும் அனுபவம் சில செய்திகளைக் கற்பித்திருக்கிறது. அடையைப் போலக் குளிருக்கு இசைந்த பண்டம் வேறில்லை. மாவு புளிக்கக் காத்திருக்கவும் வேண்டாம். அரிசியையும் பருப்புகளையும் வெந்நீரில் ஊறவைத்து, மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து உடனே வார்க்கலாம். ஆனால் இருபது பேருக்கு அடை வார்க்கத் தொடங்கினால் வார்ப்பவர் அடுப்படியிலேயே சிறைப்பட்டுவிடுவார். அவருக்கு ஞாயிறும் இல்லை, பந்தியும் இல்லை. ஆகவே அடை நான்கு பேர் வீட்டுக்கு. கூட்டத்திற்கு வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் கூட்டும்தான். வெண்பொங்கல் ஆறினால் கல்லாக இறுகும். ஒரு செம்பு கொதிநீரை அருகில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தளர்த்திக் கொள்ளவேண்டும். இட்லியே வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடித்தால் சனிக்கிழமை காலையிலேயே மாவை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, விளக்கு மட்டும் எரியும் மின்னடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் ஞாயிறு விடியலில் பொங்கியிருக்கும். தயிருக்கும் அதே உபாயம்: பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி, சப்பாத்தி வைக்கும் ஹாட்கேஸுக்குள் மூடி வைத்தல்.

தில்லிக் குளிரைக் குறை கூறுகிறவர்கள் அதன் காய்கறிச் சந்தையை மறந்துவிடுகிறார்கள். சிவந்த நாட்டுக் காரட்டும், வெண்ணெயாய் வேகும் காலிபிளவரும், முழநீள முல்லங்கியும், கட்டுக்கட்டாக வெந்தயக் கீரையும் இந்த இரண்டு மாதங்களில் குவிவதுபோல் நம் ஊரில் குவிவதில்லை. பதுவா என்று இங்கே கூவி விற்கும் கீரை, நம்மவர் சக்கரவர்த்திக் கீரை என்று மசியல் செய்வதே. பாசிப்பருப்போடு கூட்டாக்கினால் பஞ்சாபி அண்டைவீட்டாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள். முருங்கைக்காயும் வாழையிலையும் வேண்டுவோர் ஐ.என்.ஏ. அங்காடிக்குப் போகிறார்கள். எல்லாவற்றிலும் மேலானது பச்சைப் பட்டாணி. ஒரு செய்தித்தாளை விரித்து நான்கைந்து கிலோ பட்டாணியை நடுவில் கொட்டினால், தாத்தா முதல் பேரன் வரை சுற்றி அமர்ந்து உரிக்கலாம். வேலைக்கு வேலை, பேச்சுக்குப் பேச்சு. உரித்ததில் பாதி பிள்ளைகள் வாய்க்குள் போய்விடுவதைக் கணக்கில் சேர்த்து வாங்குவது நலம்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். கூட்டு விருந்து என்று ஆடவர்கள் மகிழ்ச்சியோடு அறிவித்துவிட்டு ஹீட்டர் முன் அமர்ந்துகொள்வதும், பெண்கள் பனிநீரில் இருபது தட்டுகளைத் துலக்குவதும் விருந்தன்று. ஜனவரிக் குழாய்நீரில் பத்து நிமிடம் கை வைத்தவர்களுக்கே அதன் வேதனை விளங்கும். எங்கள் பந்தியில் தைத்த இலைகளையே இடுகிறோம். வடநாட்டார் பத்தல் என்று சொல்லும் அவை எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கின்றன. மிஞ்சும் பாத்திரங்களைத் துலக்கும் பொறுப்பு ஆடவருடையது. தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது; இப்போது வெந்நீர் வைத்துக்கொண்டு தாமாகவே தொட்டிக்குப் போகிறார்கள்.

பந்தி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. குருத்துவாராவின் லங்கரில் ஏழை செல்வர் வேற்றுமையின்றி வரிசையாகத் தரையில் அமர்ந்து உண்பதைப் பங்கத் என்பார்கள். நமது பந்தியும் அவர்களது பங்கத்தும் 'பங்க்தி' என்ற ஒரே வடசொல்லின் இரு பிள்ளைகள். எதிர்வீட்டு சர்தார்ஜி குடும்பத்தார் எங்கள் ஜமுக்காளத்தில் வந்து அமர்ந்தபோது அவர்களுக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போதெல்லாம் கைபேசியில் சொன்னால் அரைமணியில் எந்த உணவும் வாசலுக்கு வந்துவிடுகிறது. பனிமூட்டத்தில் கைகள் விறைக்க வண்டியோட்டி வரும் இளைஞரை நினைத்தால் அந்தத் தோசை எனக்கு இறங்குவதில்லை. அது ஒருபுறமிருக்க, ஆறு வீட்டுக்கும் தனித்தனியே வரும் பொட்டலம் ஆறு பூட்டிய கதவுகளுக்குள்ளேதான் பிரிக்கப்படுகிறது.

உண்டபின் ஆட்டம். தரையின் குளிர் ஏறாதிருக்கப் பழைய ரஜாயொன்றை அடியில் போட்டு மேலே ஜமுக்காளம் விரித்துவிட்டால் மாலை ஐந்து மணி வரையில் யாரும் எழுவதில்லை. ஊரிலிருந்து ஒருவர் கொணர்ந்த பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. பக்கத்திற்கு ஏழு குழி. சோழி கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையைக் கொண்டே ஆடலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று கூவி அள்ளும் உரிமைக்காகவே ஏழு வயதுப் பிள்ளைகள் தமிழில் எண்ணப் பழகிவிடுகிறார்கள். தாயக்கட்டை உருளும்போது 'வெட்டு', 'பழம்' என்ற சொற்கள் யாரும் கற்பிக்காமலேயே நாவில் ஏறுகின்றன. ஆடுபுலி ஆட்டத்திற்கு ஓர் அட்டையும் பேனாவும் போதும். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்க வேண்டும். இந்த ஆட்டங்களில் வல்லவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வாரம் முழுவதும் பேச ஆளின்றி மூலையில் அமர்ந்திருந்த பாட்டிமார்களே. கணிப்பொறிப் பொறியாளரான பேரனைப் புலியாக்கி, பத்தே நிமிடத்தில் மடக்கிவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடுகிறாயா?" என்று கேட்கும் மூதாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆட்டம் அலுத்தபின் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதும் உண்டு. இவ்வாண்டு 'பொன்னியின் செல்வன்' நடக்கிறது. 1950 முதல் 1954 வரையில் கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த கதையை வாரம் ஓர் அத்தியாயமாகக் கேட்பது அதன் இயல்புக்குப் பொருந்துகிறது; அடுத்த வாரத்திற்குக் காத்திருக்கும் துடிப்பும் கிடைக்கிறது. படிப்பவர் பெரியவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. எழுத்துக்கூட்டும் சிறுவனுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, தடுக்கும் இடத்தில் நகைக்காமல் பொறுத்திருத்தல் வேண்டும். நூல்கள் தேவைப்படுவோருக்கு இராமகிருஷ்ணபுரத்திலுள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. 1946இல் தோன்றிய அச்சங்கத்தின் பெயரை அறிந்தவர் பலர். நூலகப் படி ஏறியவர் சிலரே. ஒரு ஞாயிறு வெளியே புறப்பட விரும்பினால் ஜனபத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், பனிக்கும் காற்றுக்கும் ஒதுங்கியவாறே சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அறையைச் சூடாக்கும் முறையில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியைத் தில்லிப் பத்திரிகைகள் குளிர்காலந்தோறும் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. கரி குறைவாக எரியும்போது கிளம்பும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். உறங்குபவருக்கோ அந்த எச்சரிக்கையும் இல்லை. புகை தெரியவில்லையே என்று தணலை உள்ளே கொணர்வதுதான் பெரும் பிழை. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசரும் இதே ஆபத்தைத் தரும். மின்சார ஹீட்டரேயாயினும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் இரண்டைச் செருகலாகாது. சன்னலில் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கட்டும். ஊதுவத்தியும் எண்ணெய்ப் பொரியலும் மூடிய அறையில் காற்றைக் கெடுக்கும் என்பதால், பந்தி நாளில் வடை, அப்பளத்தை நாங்கள் விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். இருபது பேர் நெருங்கி அமர்ந்த கூடத்திற்கு ஹீட்டரே வேண்டாமென்பது வேறு விஷயம். அரைமணியில் ஒவ்வொருவராகக் குல்லாயைக் கழற்றத் தொடங்குகிறார்கள்.

இந்தப் பருவத்தின் பெரிய பந்தி ஜனவரி நடுவில் வருகிறது. நமது போகியும் பஞ்சாபியரின் லோஹ்ரியும் பெரும்பாலும் ஒரே நாளில், 13ஆம் தேதி, வருவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அவர்களும் அன்று தீ வளர்க்கிறார்கள். வேர்க்கடலையும் ரேவடியும் பொரியும் அதில் இட்டு, மிச்சத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு வழங்குகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் முற்றத்தில் இரண்டு தீயாக மூட்டாமல் சில விறகுகளைக் கொண்டு ஒரே சிறு தீயாக மூட்டினோம். பழைய பாயையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் வழக்கத்தைக் காற்றின் பொருட்டுக் கைவிட்டாயிற்று. மறுநாள் காலையில் சர்க்கரைப் பொங்கல் பானை மாடிக்கு மாடி ஏறியது. திரும்பி வரும்போது அதில் காரட் அல்வா இருந்தது.

வரும் ஞாயிறு மூன்றாம் மாடி வீட்டாரின் முறை. பட்டாணி ஆறு கிலோ வாங்கியாயிற்று, உரிக்க ஆள் தேவை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.